கழுத்தில் ஒரு ‘சடக்’, கையில் ஒரு கட்டு

சென்னைக்கு மேற்கே, பூந்தமல்லியை ஒட்டி இருக்கிறது கரையான்சாவடி. அங்கே கபடி ஆடிய ஒரு பையன் கீழே விழுந்து முன்கை எலும்பை முறித்துக் கொண்டான் என்று வைத்துக் கொள்வோம். வீட்டார் பதறிப்போய் ஆட்டோவை அழைக்கிறார்கள். எந்தப் பக்கம் போவது?

கிழக்கே போனால் பூந்தமல்லி நெடுஞ்சாலையிலேயே கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வரும். அதைத் தாண்டினால், சென்ட்ரல் நிலையத்துக்கு எதிரே அரசுப் பொது மருத்துவமனை. மேற்கே போனால் திருமழிசை, திருவள்ளூர், திருத்தணி, நகரி, அதற்கும் அப்பால் புத்தூர். ஆம், ‘புத்தூர் கட்டு’ என்று ஊரெங்கும் பலகை தொங்குகிறதே, அந்தப் புத்தூர்தான்.

பெரியவர்களுக்குள் உடனே விவாதம் தொடங்கிவிடும். “ஆஸ்பத்திரிக்குப் போனால் பிளேட் வைப்பார்கள். புத்தூரில் கட்டினால் மூன்றே கட்டில் கூடிவிடும்” என்பார் ஒருவர். “அதெல்லாம் மூடநம்பிக்கை” என்பார் இன்னொருவர். இருவரில் யார் பேச்சைக் கேட்பது? உரக்கப் பேசுகிறவர் பேச்சையா? அல்லது இதற்கு விஞ்ஞான முறையில் விடை காண வழி உண்டா? பார்ப்போம்.

கையால் செய்யும் வைத்தியம்

கையால் இழுத்தும் அழுத்தியும் திருகியும் எலும்பைச் சரிசெய்யும் வைத்தியம் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் இதற்கு ஒரு தனி மார்க்கமே உண்டு. ‘கைரோபிராக்டிக்’ என்பது அதன் பெயர். ‘கையால் செய்வது’ என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களிலிருந்து அமைந்த பெயர் அது.

இதைத் தொடங்கியவர் டேனியல் டேவிட் பாமர். முன்னர் மளிகைக் கடை வைத்திருந்தவர். பிறகு காந்த வைத்தியம் செய்தவர். 1895 செப்டம்பரில் அயோவா மாநிலத்தின் டேவன்போர்ட் நகரில், காது மந்தமான ஒரு துப்புரவுப் பணியாளரின் முதுகெலும்பை அவர் அழுத்தினாராம். உடனே காது கேட்டதாம். இதிலிருந்து பாமர் ஒரு பெரிய முடிவுக்குத் தாவினார். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து நோய்களுக்குக் காரணம் முள்ளெலும்புகள் இடம் பிசகி நரம்பை அழுத்துவதுதான் என்றார்!

உங்கள் உயிரியல் புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள். செவி நரம்பு எங்கே செல்கிறது? உட்செவியிலிருந்து மண்டையோட்டுக்குள்ளேயே நேராக மூளைக்குச் சென்று விடுகிறது. முதுகுப் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. அப்படியிருக்க, முதுகை அழுத்தினால் எந்த நரம்பு விடுபட்டுக் காது கேட்டிருக்கும்?

வேடிக்கை என்னவென்றால், அதே 1895 நவம்பரில் ஜெர்மனியின் உர்ஸ்பர்க் நகரில் ரான்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டுபிடித்தார். எலும்பு எங்கே இருக்கிறது என்று தோலைக் கிழிக்காமலேயே பார்க்கும் வழி பிறந்தது. கைரோபிராக்டிக்காரர்களும் 1910-லிருந்து எக்ஸ் கதிர்ப் படங்களை எடுத்தார்கள். ஆனால் எல்லா நோய்க்கும் வேர் என்று பாமர் சொன்ன அந்தப் ‘பிசகல்’ மட்டும் நிரூபணம் ஆகவேயில்லை. பிரிட்டனில் இந்த வைத்தியர்களை முறைப்படுத்தும் சட்டபூர்வமான குழுவே, அந்தக் கருத்து நோய்களுக்குக் காரணம் என்று சொல்வதற்கு மருத்துவ ஆய்வுச் சான்று இல்லை என 2010-ல் அறிவித்தது.

‘சடக்’ என்ற ஒலி எங்கிருந்து வருகிறது?

“எலும்பு பிசகவில்லை என்றால், அழுத்தும்போது ‘சடக்’ என்று கேட்கிறதே, அது என்ன?” என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. பாட்டி திருஷ்டி கழித்து நெற்றிப் பக்கத்தில் விரல்களை மடக்கி நெட்டி முறிப்பாரே, அப்போதும் இதே ஒலிதான்.

ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். ஊசி இல்லாத புதிய சிரிஞ்சு ஒன்றில் கால் பங்கு சோடா நீரை உறிஞ்சுங்கள். உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றுங்கள். முனையை விரலால் இறுக மூடிக்கொண்டு தண்டைப் பின்னால் இழுங்கள். நீரில் குமிழிகள் பொங்குவதைக் காண்பீர்கள். ஏன்? கன அளவு கூடுகிறது, அழுத்தம் குறைகிறது, நீரில் கரைந்திருந்த கரியமில வாயு வெளிவருகிறது.

மூட்டுக்குள்ளும் இதுவே நடக்கிறது. இரு எலும்புகளுக்கு இடையே வழவழப்பான ஒரு திரவம் உண்டு. அதில் வாயுக்கள் கரைந்திருக்கின்றன. மூட்டைச் சட்டென்று இழுத்தால் அங்கே அழுத்தம் குறைந்து ஒரு குமிழி உண்டாகிறது. அந்தக் குமிழி சிதைவதால் ஒலி எழுகிறது என்று 1971-ல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகர ஆய்வாளர்கள் விளக்கினர். 2015-ல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக் கழகத்தினர் விரல் மூட்டை எம்.ஆர்.ஐ. கருவிக்குள் வைத்து இழுத்துப் பார்த்து, குமிழி உருவாகும் கணத்திலேயே ஒலி கேட்கிறது என்றனர். உருவாகும்போதா, சிதையும்போதா என்ற வழக்கு இன்னும் முடியவில்லை. ஆனால் ஒன்றில் எல்லோரும் உடன்படுகிறார்கள்: அது குமிழியின் ஒலி, எலும்பு இடத்தில் போய் உட்காரும் ஒலி அன்று. ஒருமுறை நெட்டி முறித்த விரலில் ஏறக்குறைய இருபது நிமிடம் மறுபடி நெட்டி வராததற்கும் இதுவே காரணம். வாயு மீண்டும் திரவத்தில் கரைய நேரம் வேண்டும் அல்லவா?

விரலில் நெட்டி எடுப்பதால் தீங்கு உண்டா? டொனால்ட் உங்கர் என்ற அமெரிக்க மருத்துவர் அறுபது ஆண்டுகளுக்கு மேல் இடக்கை விரல்களில் மட்டும் நெட்டி எடுத்து வந்தார். கடைசியில் இரு கைகளுக்கும் வேறுபாடே இல்லை! இதற்காக 2009-ல் அவருக்கு ‘இக் நோபல்’ என்ற வேடிக்கைப் பரிசு கிடைத்தது.

கழுத்து வேறு, விரல் வேறு

ஆனால் விரலுக்குச் சொன்னதைக் கழுத்துக்குப் பொருத்திவிடாதீர்கள்.

மூளைக்கு இரத்தம் கொண்டு செல்லும் பெரிய தமனிகள் நான்கு. அவற்றுள் இரண்டு, கழுத்து முள்ளெலும்புகளின் பக்கவாட்டில் உள்ள துளைகள் வழியே ஏணியில் ஏறுவதுபோல மேலேறுகின்றன. உச்சியில், முதல் முள்ளெலும்பை வளைந்து சுற்றி மண்டைக்குள் நுழைகின்றன. நாம் தலையைத் திருப்பும்போது ஏறக்குறையப் பாதித் திருப்பம் முதல் இரண்டு முள்ளெலும்புகளுக்கு இடையில்தான் நடக்கிறது. தமனி வளையும் இடமும் அதுவே! அங்கே திடீரென்று திருகினால் தமனியின் உட்சுவர் கிழியக்கூடும். கிழிந்த இடத்தில் இரத்தம் உறைந்து, அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம்.

இது எத்தனை பேருக்கு நேர்கிறது? மிகச் சிலருக்கே. 2008-ல் வெளியான கனடா நாட்டு ஆய்வொன்று இதில் ஒரு சிக்கலையும் காட்டியது. இவ்வகைப் பக்கவாதம் வந்தவர்களில் சிலர் அதற்குமுன் கைரோபிராக்டிக் வைத்தியரிடம் போயிருந்தார்கள். ஆனால் சாதாரண மருத்துவரிடம் போனவர்களும் அதே போல இருந்தார்கள்! தமனி ஏற்கெனவே கிழியத் தொடங்கியதால் கழுத்து வலித்து, அந்த வலிக்காகவே அவர்கள் வைத்தியரைத் தேடியிருக்கலாம் அல்லவா? ஒன்றன்பின் ஒன்று நடந்தால், முதலாவது இரண்டாவதற்குக் காரணம் என்று உடனே சொல்லிவிட முடியாது. பாமர் செய்த தவற்றை அவருடைய எதிர்ப்பாளர்களும் செய்யலாகாது.

அப்படியானால் கழுத்தைத் திருகிக் கொள்ளலாமா? தராசில் வைத்துப் பாருங்கள். ஒரு தட்டில், நெட்டி விட்ட சிறு சுகம். மறு தட்டில், அரிதானாலும் வந்தால் மீளமுடியாத ஆபத்து. முடிதிருத்தும் கடையில் தலையைப் பிடித்து ‘சடக்’ என்று திருப்ப வந்தால், “வேண்டாம் அண்ணே, கழுத்தை விட்டுவிடுங்கள்” என்று சொல்லிவிடுவதே புத்திசாலித்தனம்.

முதுகுவலிக்கு என்ன சொல்வது? இங்கே கைரோபிராக்டிக்குக்கு உரிய மதிப்பைக் கொடுக்க வேண்டும். 2019-ல் 47 சோதனைகளைத் தொகுத்து ஆராய்ந்தவர்கள், நாள்பட்ட இடுப்புவலிக்கு முதுகெலும்பைக் கையாளும் சிகிச்சை மற்ற பரிந்துரைக்கப்பட்ட சிகிச்சைகளுக்கு இணையான பலனைத் தருவதாகக் கண்டனர். இணையான பலன், அவ்வளவே. உடற்பயிற்சியும் அதே அளவு தரும்.

வழக்கு மன்றம் தீர்க்குமா?

இந்த விவாதம் இருமுறை நீதிமன்றம் ஏறியது. அமெரிக்க மருத்துவச் சங்கம், கைரோபிராக்டிக்காரர்களோடு தன் உறுப்பினர்கள் தொழில் தொடர்பு கொள்ளக் கூடாது என்று தடுத்து வந்தது. 1976-ல் வழக்குத் தொடுக்கப்பட்டு, 1987-ல் சங்கம் தோற்றது. பிரிட்டனில் இதற்கு நேர்மாறு. சைமன் சிங் என்னும் இந்திய வம்சாவளி எழுத்தாளர், குழந்தைகளின் ஆஸ்துமாவையும் காது நோயையும் முதுகை அழுத்திக் குணப்படுத்தலாம் என்பதற்குச் சான்று இல்லை என்று 2008-ல் எழுதினார். அவர் இயற்பியலில் ஆராய்ச்சிப் பட்டம் பெற்றவர். கைரோபிராக்டிக் சங்கம் அவர்மீது அவதூறு வழக்குப் போட்டது. ஈராண்டு இழுத்தடித்து, 2010 ஏப்ரலில் வழக்கைத் திரும்பப் பெற்றுக் கொண்டது.

முதல் வழக்கில் வென்றதால் கைரோபிராக்டிக் விஞ்ஞானம் ஆகிவிட்டதா? இல்லை. தீர்ப்பு வணிகப் போட்டிச் சட்டத்தைப் பற்றியது. இரண்டாவது வழக்கு கைவிடப்பட்டதால் அது பொய் என்று ஆகிவிட்டதா? அதுவும் இல்லை. முள்ளெலும்பு நீதிபதியின் உத்தரவுக்குக் கட்டுப்படுவதில்லை. சோதனைதான் பேச வேண்டும்.

இனிப் புத்தூருக்கு வருவோம்

புத்தூரை ஒட்டிய ராச்சபாளையத்தில் ஒரு குடும்பம் நூறாண்டுக்கும் மேலாக எலும்பு முறிவுக்குக் கட்டுப் போட்டு வருகிறது. கையால் தடவி முறிவைக் கண்டு, இழுத்து நேராக்கி, பச்சிலையும் முட்டை வெள்ளைக் கருவும் பூசி, துணி சுற்றி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டுவது முறை. அங்கே போய்க் குணமானவர்கள் ஏராளம். அவர்கள் பொய் சொல்லவில்லை.

ஆனால் எலும்பைக் கூட்டியது எது? எலும்பு தானே கூடும் இயல்புடையது. முறிந்த இடத்தில் இரத்தம் உறைகிறது. அதன்மேல் குருத்தெலும்பு வளர்கிறது. அதில் சுண்ணாம்புச் சத்துப் படிந்து கெட்டியாகிறது. சிறுவர்களின் மணிக்கட்டு முறிவு மூன்று முதல் ஆறு வாரங்களில் கூடிவிடும். தேவை இரண்டே: முனைகள் நேராகப் பொருந்த வேண்டும், அசையாமல் இருக்க வேண்டும். இதை மாவுக்கட்டும் செய்யும், மூங்கில் பத்தையும் ஓரளவு செய்யும். எளிய முறிவுகளில் புத்தூர் கட்டு பலிப்பதன் இரகசியம் இதுவே.

எல்லா முறிவும் எளியதன்று. மூட்டுக்குள் போகும் முறிவு, எலும்பு தோலைக் கிழித்து வெளிவந்த முறிவு, முதியவர்களின் தொடை எலும்பின் கழுத்து முறிவு ஆகியவற்றைக் கையால் தடவி முழுமையாக அறிய முடியாது. எக்ஸ் கதிர்ப் படம் வேண்டும். முதுகுவலியின் பின்னே எலும்புக் காசம் ஒளிந்திருந்தால் எந்த அழுத்தலும் அதைப் போக்காது.

எல்லாவற்றையும்விடக் கொடிய ஆபத்து இறுக்கமான கட்டு. முறிந்த கை வீங்கும். கட்டோ விரியாது. உள்ளே அழுத்தம் ஏறும். தசைக்கு உணவு கொண்டு செல்லும் தந்துகிகளில் இரத்தம் பாதரச அளவில் ஏறக்குறைய 30 மில்லிமீட்டர் அழுத்தத்தில்தான் ஓடுகிறது. சுற்றியுள்ள அழுத்தம் அதைத் தாண்டினால் தந்துகிகள் நசுங்கி இரத்த ஓட்டம் நின்றுவிடும். ஆறு மணி நேரம் சென்றால் தசை மடியத் தொடங்கும். பிறகு கை சுருங்கி முடமாகலாம்; அழுகினால் வெட்டி எடுக்கவும் நேரலாம். இப்படிக் கையிழந்த சிறுவர்களைப் பற்றி எலும்பு மருத்துவர்கள் பல நாடுகளிலிருந்து எழுதியிருக்கிறார்கள். மருத்துவமனை மாவுக்கட்டிலும் இந்த ஆபத்து உண்டு. அதனால்தான் அங்கே விரலை அசைக்கச் சொல்லிப் பார்க்கிறார்கள். வீங்கினால் கட்டைப் பிளந்து விடுகிறார்கள்.

கை கூடியவர் பத்து ஊருக்குச் சொல்வார். கை போனவர் யாரிடம் சொல்வார்? நம் காதுக்கு வரும் கதைகள் ஏன் ஒருபக்கமாக இருக்கின்றன என்பது இப்போது விளங்குகிறதா?

இதற்காகக் கைவைத்தியர்களை இகழ வேண்டியதில்லை. வேல்ஸில் தலைமுறை தலைமுறையாக எலும்பு கட்டிய ஒரு குடும்பத்தில் பிறந்தவர் ஹியூ ஓவன் தாமஸ். அவருடைய தந்தை பிள்ளைகளை மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பினார். குடும்பத்தின் கைத்திறனும் கல்லூரியின் படிப்பும் சேர்ந்து ‘தாமஸ் சிம்பு’ என்ற கருவி பிறந்தது. முதல் உலகப் போரில் தொடை எலும்பு முறிந்த வீரர்கள் பலரை அது காப்பாற்றியது. இன்றும் உலகெங்கும் மருத்துவமனைகளில் அது பயன்படுகிறது. கைத்திறன் சோதனைக்கு உட்பட்டால் விஞ்ஞானமாகும்.

நீங்கள் செய்யக்கூடியது

வீட்டில் யாருக்காவது எலும்பு முறிந்தால் இவற்றை மறவாதீர்கள். முதலில் அட்டையோ பலகையோ வைத்து, கண்டபடியே அசையாமல் தாங்குங்கள்; இழுக்காதீர்கள். எங்கே போவதாயினும் முதலில் எக்ஸ் கதிர்ப் படம் எடுத்து, அதை எலும்பு மருத்துவர் பார்க்கட்டும். அரசு மருத்துவமனையில் இதற்குப் பணம் ஒரு தடையன்று.

கட்டுப் போட்ட பின் ஒரு சோதனை. உங்கள் நகத்தை அழுத்துங்கள், வெளுக்கும். விட்டால் இரண்டு விநாடிக்குள் சிவக்கும். கட்டுப் போட்டவர் விரலிலும் அப்படியே சிவக்க வேண்டும். சிவக்காவிட்டாலும், விரல் மரத்துப் போனாலும், விரலை நிமிர்த்தும்போது தாங்கமுடியாத வலி எடுத்தாலும் உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள். நகம் சிவந்திருந்தாலும் வலி ஏறிக்கொண்டே போனால் காத்திருக்காதீர்கள். “காலையில் பார்த்துக் கொள்ளலாம்” என்று பெரியவர்கள் சொன்னாலும் விடாதீர்கள். அவர்களிடம் ஒரே கணக்கைச் சொல்லுங்கள்: தசைக்கு ஆறு மணி நேரம்தான் தவணை.