விளைவித்த கம்பை நாமே ஏன் சாப்பிடுவதில்லை?

கரிசலில் புரட்டாசியில் கம்பும் குதிரைவாலியும் விதைக்கிறோம். தையில் அறுத்து, களத்திலேயே வியாபாரிக்கு அளந்து போட்டுவிட்டு, வீட்டில் ரேஷன் அரிசிச் சோறு சாப்பிடுகிறோம். கோவில்பட்டிப் பக்கம் எங்கள் ஊரில் பல வீடுகளில் இதுதான் நடப்பு. "நாக்கு அரிசி ருசி கண்டு போச்சு"ன்னு பெரியவர்கள் நாக்கின் மேல் பழி போடுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது.

பிளஸ் ஒன் பொருளியலில் பிள்ளைகள் 'குறைந்து செல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதி' என்று ஒன்று படிக்கிறார்கள். பேருதான் பெரிசு, விஷயம் நமக்குத் தெரிந்ததுதான். கோவில்பட்டிக் கடலைமிட்டாயில் முதல் துண்டு இனிக்கும், ஐந்தாவது துண்டு திகட்டும். அதனால் யாரும் கைக்காசு முழுவதையும் ஒரே பொருளில் போடுவதில்லை. அடுத்த ரூபாய் எதில் அதிகத் திருப்தி தருமோ, அங்கே போகிறது.

இனி விலையைப் பாருங்கள். தமிழ்நாட்டில் ரேஷன் அரிசி 2006-ல் கிலோ 2 ரூபாய், 2008-ல் 1 ரூபாய், 2011 ஜூன் முதல் இலவசம். "சொந்தக் காட்டுக் கம்பும் இலவசம்தானே?" என்று கேட்கலாம். இல்லை. வியாபாரி கிலோவுக்கு 30 ரூபாய் தருவதாக வைத்துக்கொள்வோம். ஒரு கிலோவை நாம் சாப்பிட்டால் அந்த 30 ரூபாயை விடுகிறோம். மாதம் 20 கிலோ என்றால் 600 ரூபாய். பருப்பும் எண்ணெயும் அதில் வாங்கிவிடலாம்.

இதோடு வேலையும் சேர்கிறது. குதிரைவாலியை உமி போகக் குத்திப் புடைக்க நேரம் வேண்டும். தீப்பெட்டி ஆலைக்கு வேலைக்குப் போகிற பெண்ணுக்கு அந்த நேரம் கூலி. ஆக, அரிசியைத் தேர்ந்தெடுக்கிற குடும்பத்துக்கு அறிவில்லை என்று சொல்ல முடியாது. தீட்டிய அரிசியைவிடக் கம்பில் இரும்புச்சத்தும் நார்ச்சத்தும் அதிகம்தான். ஆனால் அந்தப் பலன் மெதுவாக வரும். 600 ரூபாய் இன்றைக்கே கையில் நிற்கும்.

எனவே மேடைபோட்டுப் புத்தி சொன்னால் மட்டும் போதாது. விலையும் வேலையும் மாற வேண்டும். உமி நீக்கும் இயந்திரத்தை ஊருக்குப் பொதுவாக வைத்தால், பெண்களின் தலையிலிருந்து ஒரு சுமை இறங்கும்.

விற்பனைக்கும் இதே விதிதான். மூன்று வேளையும் அரிசி சாப்பிடுகிற வீட்டில் மாதத்தின் முதல் அரைக் கிலோ குதிரைவாலிக்கு மதிப்பு அதிகம்; பத்தாவது கிலோவுக்குக் குறைவு. ஒரே வீட்டுக்குப் பத்துக் கிலோ விற்பதைவிட, இருபது வீட்டுக்கு அரைக் கிலோப் பொட்டலம் கொடுப்பது நல்லது.

ரேஷனிலும் வழி இருக்கிறது. 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அரிசி 3 ரூபாய், கோதுமை 2 ரூபாய், சிறுதானியம் உள்ளிட்ட பருதானியம் 1 ரூபாய் என்றே எழுதியிருந்தது. 2023-ல் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் 2 கிலோ அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். அதேபோல் நம்மிடம் நியாய விலைக்கு வாங்கி, கரிசல் ஊர்களில் கம்பும் குதிரைவாலியும் கொடுக்கச் சொல்லிக் கேட்போம். இரண்டும் ஒரே விலையில் கிடைக்கும்போதுதான் நாக்குக்கு எது பிடிக்கும் என்று தெரியும்.

அதுவரை, களத்தில் அளந்து போடும் முன் மாதம் 2 கிலோ வீதம் வருஷத்துக்கு 24 கிலோவை வீட்டுக்கு எடுத்து வையுங்கள். நம் வீட்டுக்கும் அந்த முதல் இரண்டு கிலோவின் மதிப்பு, வியாபாரி தரும் 30 ரூபாயைவிடக் கூடுதல்தான்.