ஆங்கில ஒப்பீட்டுப் பெயரடைகளும் இந்தி பேசுவோரும்: ஓர் உறழ்நிலை நோக்கு

திறவுச்சொற்கள்: பெயரடை, உறழ்ச்சி, பின்னுருபு, தாய்மொழித் தாக்கம்

முன்னுரை

தாய்மொழி அமைப்பும் கற்கும் மொழியின் அமைப்பும் வேறுபடும் இடங்களிலேயே கற்போர் இடர்ப்படுவர் என்பது உறழ்நிலை மொழியியலின் அடிப்படைக் கருதுகோள். ராபர்ட் லாடோ 1957-இல் இதனை விரிவாக முன்வைத்தார். இந்தி பேசுவோர் ஆங்கில ஒப்பீட்டுப் பெயரடைகளைக் கற்குமிடத்து இக்கருதுகோள் எவ்வாறு பொருந்துகிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

இந்தியில் ஒப்பீடு

'யஹ் கர் உஸ் கர் ஸே சோட்டா ஹை' என்னும் தொடருக்கு 'இந்த வீடு அந்த வீட்டைவிடச் சிறியது' என்பது பொருள். இதில் 'சோட்டா' என்னும் பெயரடை மிகுதி குறிக்கும் விகுதி எதனையும் ஏற்கவில்லை. ஒப்பிடப்படும் பொருளை அடுத்துவரும் 'ஸே' என்னும் பின்னுருபே ஒப்பீட்டை உணர்த்துகிறது. 'எல்லாவற்றிலும்' எனப் பொருள்படும் 'ஸப்ஸே' சேர்ந்தால் உயர்படி அமையும். 'ஸே' நீங்கற்பொருளையும் தரும். தமிழிலக்கணத்தார் நீங்கலையும் ஒப்பையும் ஐந்தாம் வேற்றுமையுள் அடக்கியது இங்கு ஒப்புநோக்கத்தக்கது. 'சோட்டா, சோட்டீ, சோட்டே' என ஈறு திரிவது பால், எண், வேற்றுமை நோக்கியே.

ஆங்கிலத்தில் ஒப்பீடு

ஆங்கிலப் பெயரடை பால், எண் காட்டாது. அதன் ஈறு படிநிலையைக் காட்டும். 'ஸ்மால்' என்பது 'ஸ்மாலர்', 'ஸ்மாலஸ்ட்' எனத் திரியும். மூன்றும் அதற்கு மேலும் அசைகளுடைய சொற்கள் பொதுவாக 'மோர்', 'மோஸ்ட்' என்பவற்றை முன்னே பெறும். ஆகவே, சொல்லின் அசையளவை அறிதலும் கற்போர்க்குப் புதிய சுமையாகிறது.

இடர்ப்பாடுகள்

இவ்வேறுபாட்டால் மூவகைப் பிழைகள் எதிர்பார்க்கத்தக்கன. முதலாவது, 'ஸே' என்பதன் நீங்கற்பொருளைக் கொண்டு 'தேன்' வரவேண்டிய இடத்தில் 'ஃப்ரம்' இடுதல். இரண்டாவது, இந்தியில் சுட்டுநிலை அடைச்சொல் இன்மையால் உயர்படிக்கு முன் 'தி' விடுபடல். மூன்றாவது, 'மோர் பெட்டர்' என்னும் இரட்டை ஒப்பீடு. பாரசீகத்திலிருந்து வந்த 'பேஹ்தர்' என்னும் சொல்லில் 'தர்' ஒப்பீட்டு விகுதியே. ஆயினும், இந்தியில் அது பெரும்பாலும் பகாச்சொல் போலவே நிற்றலால் 'ஸ்யாதா பேஹ்தர்' எனவும் வழங்கும். அவ்வழக்கே ஆங்கிலத்திலும் தொடரலாம். 'பேஹ்தர்', 'பெட்டர்' ஆகியவற்றின் ஒலியொப்புமை தற்செயலானது. இரண்டின் விகுதிகளும் வெவ்வேறு மூலத்தன. 'உச்சதர்', 'உச்சதம்' போன்ற சமஸ்கிருத வடிவங்கள் இந்தியில் உளவெனினும் அவை எழுத்து வழக்கிலேயே மிகுதி. எல்லாப் பெயரடைகளோடும் அவ்விகுதிகள் சேர்வதில்லை.

முடிவுரை

இந்தி ஒப்பீட்டைப் பெயரின்மேல் ஏற்றுகிறது; ஆங்கிலம் பெயரடையின்மேலும் ஏற்றுகிறது. எனவே, இப்பிழைகளைக் கவனக்குறைவு எனக் கொள்ளாமல் தாய்மொழி இலக்கணத்தின் ஒழுங்கான தொடர்ச்சியாகக் கொள்ளல் வேண்டும். திரிபுப் பட்டியலை மனனம் செய்விக்குமுன் ஒப்பீடு எச்சொல்லில் அமைகிறது என்பதை உணர்த்துவதே பயன்தரும். ஒப்பீட்டைப் பெயரின்வழி உணர்த்தும் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர்க்கு ஆங்கிலம் கற்பிக்கவும் இம்முறை பொருந்தும்.