கடைக்கணக்கும் கைத்தொலைபேசியும்



கண்டி மாநகரின் கொழும்பு வீதியிலோ திருகோணமலை வீதியிலோ உள்ள சிறு கடையொன்றினுள் நுழைந்து பாருங்கள். மேசைமீது பழைய கணக்குக் கொப்பி கிடக்கும். அதனருகே, கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் நிறைந்த சதுரக் குறியொன்று ஒட்டப்பட்டிருப்பதையும் இன்று காணலாம். பின்னது வந்தபின் முன்னது வேண்டியதில்லை என்று எண்ணுவோர் பலர். அவ்வெண்ணம் சரிதானா என்று சிறிது ஆராய்வோம்.

அச்சதுரக் குறி, கடைக்காரரின் வங்கிக் கணக்கைச் சுட்டும் முகவரியாகும். இலங்கை மத்திய வங்கி வகுத்த ‘லங்கா கியூஆர்’ முறையில் சேர்ந்த எந்த வங்கியின் வாடிக்கையாளரும் தம் கைத்தொலைபேசியை அதன்மேற் பிடித்துப் பணம் செலுத்தலாம். அட்டை இயந்திரம் வைக்க வசதியற்ற வடைக் கடைக்காரருக்கும் அச்சிட்ட ஒரு தாளே போதும். வங்கி பிடிக்கும் கழிவு எவ்வளவு என்பதை மட்டும் முன்னரே கேட்டறிதல் வேண்டும்.

இதன் பெரும்பயன் சில்லறைத் தொல்லை நீங்குவதன்று, பதிவேடு கிடைப்பதாகும். ஈடுவைக்க நிலமில்லாத சிறு வியாபாரி வங்கியிற் கடன் கேட்கும்போது, தம் விற்பனைக்குச் சான்று காட்ட இயலாது தவிப்பார். ஆண்டு முழுவதும் கணக்கில் விழுந்த தொகைகள் அவருக்காகச் சாட்சி சொல்லும். ஆயினும் அச்சாட்சி பாதிதான். கலஹா, தெல்தோட்டைப் பக்கத்துக் கடைகளில் தோட்ட மக்கள் சம்பள நாள் வரை கடனுக்கே அரிசியும் மாவும் வாங்குவர். அக்கடனைச் சதுரக் குறி அறியாது, கொப்பியே அறியும்.

கண்டியை அடுத்த தும்பறைப் பகுதியில் நாரினால் நெய்யப்படும் பாய்க்கலை, 2021இல் யுனெஸ்கோவின் மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. அதனை நெய்பவர் பாயின் படத்தைக் கடல்கடந்தும் அனுப்பி, இடைத்தரகரின்றி விலை பேச இன்று வழியுண்டு.

ஆனால் அவ்வழி அடைபடுவதும் உண்டு. 2018 மார்ச்சில் திகன, தெல்தெனியப் பகுதிகளில் முஸ்லிம்களுக்கு எதிரான வன்செயல் மூண்டு, கடைகள் எரிந்தன. வெறுப்புரை பரவிய பேஸ்புக்கையும் வாட்ஸ்அப்பையும் அரசாங்கம் 7ஆம் திகதி முடக்கியது. கண்டி மாவட்டத்தில் இணையத் தொடர்பும் நிறுத்தப்பட்டது. சமூக ஊடகத் தடை ஏறத்தாழ ஒரு வாரம் நீடித்தது. தடை தகுமா தகாதா என்னும் வாதம் ஒருபுறமிருக்க, வீட்டிற் கேக் செய்து விற்கும் ஒரு பெண்ணின் ஓர்டர்கள் யாவும் வாட்ஸ்அப்பில் மட்டுமே இருந்திருப்பின், அவர் என் செய்வார்? யாருக்கு எப்போது கொடுக்க வேண்டும் என்பதே மறைந்துபோயிருக்கும். 2022இன் நெடிய மின்வெட்டுகளும், 2025 நவம்பரில் ‘தித்வா’ புயலோடு வந்த மண்சரிவுகளும் இதே இடரை வேறு வடிவிற் காட்டின.

ஆதலின் கொப்பியை வீசிவிடாதீர்கள். கடை அடைக்குமுன், யார் எவ்வளவு தரவேண்டும், யார் என்ன கேட்டிருக்கிறார், அவர்தம் தொலைபேசி எண் யாது என்பவற்றை எழுதிவைக்கப் பத்து நிமிடம் செல்லும்.

இன்னொன்று. பெரஹரா நாட்களின் நெரிசலில், ‘பணம் அனுப்பிவிட்டேன், பாருங்கள்’ என்று ஒருவர் தம் கைத்தொலைபேசித் திரையை நீட்டினால், அதனை நம்பிப் பொருளைக் கட்டிக் கொடுத்துவிடலாகாது. அத்தகைய படத்தைப் போலியாக ஆக்குதல் எளிது. உங்கள் வங்கியிலிருந்து உங்கள் தொலைபேசிக்குச் செய்தி வரும்வரை வாடிக்கையாளரைச் சற்றே நிற்கச் சொல்லுங்கள். நேர்மையானவர் கோபித்துக்கொள்ளமாட்டார்.