ரிமாண்டில் பிள்ளை இருந்தால் நாள்களை எண்ணுங்கள்

பாபநாசத்திலோ பட்டுக்கோட்டையிலோ உங்கள் வீட்டுப் பையனைத் திருட்டு வழக்கில் பிடித்து ரிமாண்ட் (நீதிமன்றக் காவல்) செய்துவிட்டார்கள். ஒருநாள் நடவுக் கூலியை விட்டுவிட்டு, மனு போட்டுப் பார்க்கத் திருச்சி மத்திய சிறைக்குப் பஸ் ஏறுகிறீர்கள்.

சிறையில் ஏன் இத்தனை கூட்டம்? 2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் இடம் 4.36 லட்சம் பேருக்கு. இருந்தவர்கள் 5.73 லட்சம். அதில் 4.34 லட்சம் பேர் விசாரணைக் கைதிகள் (தீர்ப்பு வராதவர்கள்). இருக்கிற இடத்தை ஏறக்குறைய அவர்களே நிரப்பிவிடுகிறார்கள்! கோர்ட்டுக்கு அழைத்துப்போகக் காவலர் போதாவிட்டால் வாய்தாவும் தள்ளிப்போகும்.

வக்கீலுக்குப் பணம் இல்லையே? வேண்டாம். காவலில் இருப்பவருக்கு, வருமானம் எவ்வளவானாலும், இலவச வக்கீல் உண்டு. 1987-ஆம் ஆண்டுச் சட்டம் தந்த உரிமை இது. தஞ்சாவூர் நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவைக் கேளுங்கள். 15100-க்கும் போன் செய்யலாம்.

எத்தனை நாள் வைத்திருக்கலாம்? 60 நாளில் (பத்தாண்டு, ஆயுள், மரண தண்டனைக் குற்றங்களுக்கு 90 நாள்) போலீஸ் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாவிட்டால், ஜாமீன் கேட்பது உங்கள் உரிமை. ஆனால் நீங்கள்தான் மனு போட வேண்டும். தாக்கல் செய்துவிட்டால் அந்த வாய்ப்பு போய்விடும். அதனால் அந்த நாளைத் தவறவிடாதீர்கள்.

வழக்கு இழுத்தால்? புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 479-ஆம் பிரிவு, இதற்குமுன் தண்டனை பெறாதவர் அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிட்டால் பிணையில் விடச் சொல்கிறது. மூன்றாண்டுத் தண்டனை என்றால் ஓராண்டு. முன்பே தண்டனை பெற்றவருக்குப் பாதி. சிறைக் கண்காணிப்பாளரே நீதிமன்றத்துக்கு எழுத வேண்டும். இந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்த 2024 ஜூலைக்கு முந்தைய வழக்குகளுக்கும் இது பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆயுள், மரண தண்டனைக் குற்றங்களுக்கும், வேறு வழக்கும் நிலுவையில் உள்ளவருக்கும் இந்தச் சலுகை கிடையாது. அவர்கள் வழக்கமான ஜாமீன்தான் கேட்க வேண்டும்.

ஜாமீன் கிடைத்தும் ஜாமீன்தாரர் இல்லையே? குத்தகை நிலமும் கூலியும் உள்ள வீடுகளில் இதுதான் பெரிய தடை. மத்தியப் பிரதேசத்தில் ஒரு கொத்தனாருக்கு 10,000 ரூபாய் ஜாமீன் கேட்டார்கள். ஜாமீன்தாரர் வேறு மாவட்டக்காரர் என்று மாஜிஸ்திரேட் ஏற்கவில்லை. 1978-ல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அது தவறென்று சொல்லி, 1,000 ரூபாய் சொந்தப் பிணையில் விடச் சொன்னார். தொகையைக் குறைக்கும்படி உங்கள் வக்கீலும் தயங்காமல் கேட்கலாம். பணம் கட்ட முடியாத ஏழைக் கைதிகளுக்கு மத்திய அரசின் உதவித் திட்டம் 2023 முதல் இருக்கிறது. சட்டப் பணிகள் அலுவலகத்திலேயே விசாரியுங்கள்.

அடுத்த முறை மனு பார்க்கப் போகும்போது, கைதான தேதி, குற்ற எண், சட்டப் பிரிவு மூன்றையும் ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள்.