ஒரே பூங்கா, நாலு ராத்திரி

“மருமவனே, ஒரு வாரம் லீவு போட்டிருக்கேன். மசாய் மாரா, நக்குரு, அம்போசெலி, அப்படியே செரெங்கெட்டியும் பார்த்துட்டு வந்துரலாம்லா?” என்று திருநெல்வேலியிலிருந்து மாமா போனில் கேட்டார். நைரோபியில் கணக்காளராக இருக்கும் எனக்கு ஊரிலிருந்து இப்படி அடிக்கடி போன் வரும். பட்டியலில் ஊர் மாறும், விலங்கு மாறும்; நான் சொல்லும் பதில் மாறாது. “மாமா, இடத்தைக் குறைங்க, நாளைக் கூட்டுங்க. முதல் தடவை வர்றீங்க. மாராவுல மட்டும் நாலு ராத்திரி தங்குங்க. மத்ததை அடுத்த பயணத்துக்கு வச்சுக்கலாம்.”

வரைபடத்தில் இந்த இடங்கள் அடுத்தடுத்துத் தெரிவதால்தான் ஆசை வருகிறது. நைரோபியிலிருந்து நரோக் வழியாக மாராவுக்குச் சாலையில் ஐந்தாறு மணி நேரம் ஆகும். மாராவிலிருந்து நக்குருவுக்குக் கிட்டத்தட்ட அதே நேரம். நக்குருவிலிருந்து அம்போசெலி போவதென்றால் நைரோபியைத் தாண்டித் தெற்கே இறங்க வேண்டும். ஒரு பகல் அதிலேயே கழியும். மாராவும் செரெங்கெட்டியும் ஒட்டிக் கிடக்கும் ஒரே புல்வெளிதான். ஆனால் இரண்டுக்கும் நடுவே சுற்றுலாப் பயணிகள் கடக்க வழியில்லை. மேற்கே இசபானியா எல்லைச் சாவடிவரை சுற்றிப்போய், தான்சானியா விசாவைக் காட்டித்தான் அந்தப் பக்கம் நுழைய முடியும்.

தூரத்தைவிடப் பெரிய சிக்கல், விலங்குகள் நடமாடும் நேரம். சிங்கம், சிறுத்தை, கழுதைப்புலி எல்லாம் விடியற்காலையிலும் பொழுது சாயும்போதும்தான் நடமாடும். நடுப்பகலில் புதர் நிழலில் படுத்துவிடும். இங்கே நிலநடுக்கோடு பக்கம் என்பதால் வருடம் முழுக்க ஆறரை மணி வாக்கில் விடிந்து, ஆறரை மணி வாக்கில் இருட்டிவிடும். ஆக, ஒரு நாளில் கையில் கிடைப்பது காலையில் மூன்று மணி நேரம், மாலையில் மூன்று மணி நேரம். தினம் ஒரு ஊர் மாறுகிறவர் பறிகொடுப்பது இந்த நேரத்தைத்தான்.

ஒரு செப்டம்பரில் மாரா ஆற்றங்கரையில் வண்டியை நிறுத்திக் காத்திருந்தோம். எதிர்க்கரை மேட்டில் வைல்டுபீஸ்ட் கூட்டம் கறுப்பாகத் திரண்டு நின்றது. மாட்டின் கொம்பும் தாடியும் பிடரி மயிருமாக இருக்கும் பெரிய மான் இனம் அது. விளிம்பில் நின்ற ஒன்று தலையைத் தாழ்த்தித் தண்ணீரை மோந்தது. பின்னால் நின்றவை நெருக்கின. குளம்பு பட்டு மண் சரிந்து ஆற்றில் விழுந்தது. கீழே கலங்கல் நீரில் முதலையின் முதுகு தெரிந்து மறைந்தது. ஒரு வரிக்குதிரை கத்த, அத்தனையும் புழுதி கிளப்பிக்கொண்டு மேட்டைவிட்டு ஓடிவிட்டன. பக்கத்தில் நின்ற வண்டிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. அவற்றில் இருந்தவர்கள் மதியத்துக்குள் வேறு ஊர் போய்ச் சேர வேண்டும். நாங்கள் தங்கினோம். மறுநாள் அதே இடத்தில் ஒன்று குதித்தது. அதன்பின் அடைப்பு இல்லை. முதுகோடு முதுகு உரசிக்கொண்டு வரிசை வரிசையாக நீந்தி, எங்கள் பக்கத்துச் சரிவில் நீர் சொட்டச் சொட்ட ஏறின. அந்தக் காட்சி எங்களுக்குக் கிடைத்ததற்கு ஒரே காரணம், கையில் நாள் இருந்ததுதான்.

மாதத்தை மழை முடிவு செய்யும்

இந்த மந்தைகள் பத்து லட்சத்துக்கும் மேலான வைல்டுபீஸ்ட்டும் லட்சக்கணக்கான வரிக்குதிரைகளும் சேர்ந்தவை. மழை எங்கே பெய்து புல் எங்கே துளிர்க்கிறதோ அங்கே போகும். வருடம் பிறந்ததும் அவை தான்சானியாவின் தென் செரெங்கெட்டியிலும் ந்தூத்து பகுதியிலும் இருக்கும். அங்குள்ள மண் எரிமலைச் சாம்பல் கலந்தது. அதில் முளைக்கும் குட்டைப் புல்லில் பால் கொடுக்கும் தாய்க்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்து நிறைய. ஜனவரிக் கடைசி, பிப்ரவரியில் லட்சக்கணக்கான கன்றுகள் அங்கே பிறக்கின்றன. பிறந்த சில நிமிடங்களில் கன்று எழுந்து தாயோடு ஓடத் தொடங்கிவிடும். ஓடாவிட்டால் கழுதைப்புலி விடாது. புல் காய்ந்ததும் மே, ஜூனில் வடமேற்கே நகர்ந்து, ஜூலை முதல் அக்டோபர்வரை மாரா ஆற்றின் இரு பக்கமும் திரியும். நவம்பரில் சிறுமழை தொடங்கினால் தெற்கே திரும்பிவிடும்.

இதை நம் பள்ளி விடுமுறையோடு சேர்த்துப் பாருங்கள். ஏப்ரல், மே கோடை விடுமுறைதான் நமக்கு வசதி. கென்யாவில் அப்போது பெருமழைக் காலம். மாராவின் நிலம் கரிசல். மழையில் ஊறினால் வண்டிச் சக்கரம் அச்சுவரை புதையும். புல் உயர்ந்து படுத்திருக்கும் சிங்கத்தை மறைக்கும். சில கூடார விடுதிகளையே பூட்டி வைப்பார்கள். வாடகை குறைவு, கூட்டம் இல்லை என்பதற்காக வருகிறவர்களும் உண்டு. ஆனால் முதல் பயணத்துக்கு நான் அந்த மாதங்களைச் சொல்வதில்லை.

குடும்பத்தோடு வர நான் சொல்வது செப்டம்பர் கடைசியில் வரும் காலாண்டு விடுமுறை. மந்தைகள் பெரும்பாலும் மாராவில் இருக்கும், புல்லும் குட்டையாகியிருக்கும். பள்ளிப் பிள்ளைகள் இல்லாதவர்கள் பிப்ரவரியில் தான்சானியாவுக்குப் போய்க் கன்று ஈனும் காலத்தைப் பார்க்கலாம். அப்படியே ஙொரொங்கொரோ எரிமலைப் பள்ளத்திலும் இறங்கலாம். சுமார் 600 மீட்டர் ஆழத்தில், சுற்றிலும் மலைச்சுவர் எழ, யானையும் காட்டெருமையும் கருங்காண்டாமிருகமும் வாழும் இடம் அது. யானைக்கென்றே வருபவருக்கு அம்போசெலி. சிந்தியா மாஸ் 1972-ல் அங்கே தொடங்கிய யானை ஆய்வு இன்றும் நடக்கிறது. யானைகளைத் தனித்தனியாக அடையாளம் கண்டு, குடும்பம் குடும்பமாகப் பதிந்து வைத்திருக்கிறார்கள். அதிகாலையில் மேகம் விலகினால் 5,895 மீட்டர் உயர கிளிமஞ்சாரோ அவற்றின் பின்னால் தெரியும்.

ஊசியும் அனுமதியும்

டிக்கெட் எடுத்த கையோடு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிக்கு நாள் வாங்குங்கள். அந்தக் காய்ச்சல் பரவும் நாடுகள் என்று இந்தியா வைத்திருக்கும் பட்டியலில் கென்யா உள்ளது. சான்றிதழ் இல்லாமல் திரும்பினால் விமான நிலையத்திலிருந்து நேரே தனிமைப்படுத்தும் இடத்துக்கு அனுப்பிவிடலாம். ஆறு நாள்வரை வைத்திருக்க அதிகாரம் உண்டு. சென்னையில் கிண்டி கிங் நிறுவனத்திலும், துறைமுகச் சுகாதார அலுவலகத்திலும் போடுகிறார்கள். போட்ட பத்தாவது நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும். பிறகு ஆயுளுக்கும் போதும். முட்டை ஒவ்வாமை உள்ளவர்கள், கர்ப்பிணிகள், அறுபது வயதைத் தாண்டியவர்கள் டாக்டரிடம் பேசாமல் போட்டுக்கொள்ளக் கூடாது. மலேரியா மாத்திரையையும் அவரிடமே கேட்டு வாங்குங்கள். அதைப் பயணத்துக்கு முன்பே தொடங்கி, ஊர் திரும்பிய பிறகும் சில நாள் விழுங்க வேண்டும்; நடுவில் விட்டுவிடாதீர்கள்.

கென்யாவுக்கு 2024 ஜனவரி முதல் விசா கிடையாது. இணையத்தில் விண்ணப்பித்து மின்னணுப் பயண அனுமதி வாங்க வேண்டும். கென்யாவோடு உகாண்டா, ருவாண்டாவுக்கும் போவதானால் மூன்றுக்கும் சேர்த்து ஒரே சுற்றுலா விசா உண்டு. தான்சானியா அதில் சேராது. அதற்குத் தனி விசா.

வண்டி, வழிகாட்டி

விடுதியின் நீச்சல் குளத்தைப் படத்தில் பார்த்துப் பணம் கட்டுகிறவர்கள், வண்டியைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்பதில்லை. பகல் முழுக்க நீங்கள் இருக்கப்போவது வண்டியில்தான். கூரை தூக்கித் திறக்கும் லேண்ட் குரூசரா, மினி வேனா? எத்தனை பேர் ஏறுவார்கள்? ஒவ்வொருவருக்கும் ஜன்னல் இருக்கை உண்டா? வண்டி நமக்கு மட்டுமா, பிறரோடு பகிர்வதா? விடுதி பூங்காவுக்கு உள்ளேயா, வாயிலுக்கு வெளியேயா, வெளியே என்றால் எத்தனை கிலோமீட்டர்? எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள். எங்கள் குடும்ப நண்பர் ஒருவரிடம் ஒரு நிறுவனம் ‘மாராவில் விடுதி’ என்று சொல்லிப் பணம் வாங்கியது. வந்து பார்த்தால் வாயிலுக்கே ஒரு மணி நேரம் போக வேண்டியிருந்தது. அவர்களின் விடியற்காலையெல்லாம் அந்தச் சாலையிலேயே போயிற்று.

அடுத்தது வழிகாட்டி. கென்யாவில் தொழில்முறை சஃபாரி வழிகாட்டிகள் சங்கம் தேர்வு வைத்து வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று மூன்று தரம் கொடுக்கிறது. உங்களோடு வருபவர் எந்தத் தரம் என்று கேட்பதில் தப்பே இல்லை. நல்ல வழிகாட்டி என்றால் என்ன என்பதை ஒரு மாசாய் இளைஞரிடம் பார்த்தேன். வெறும் புல்வெளி. கரையான் புற்றின் மேல் ஒரு டோபி மான் நின்றது. நாங்கள் படம் எடுத்துக்கொண்டு கிளம்பச் சொன்னோம். அவர் எஞ்சினை அணைத்தார். “அது மேயலை, காதையும் ஆட்டலை. மத்த மானையும் பாருங்க, எல்லாம் ஒரே பக்கம் பார்க்குது” என்று ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார். அந்தத் திசையில் வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு புல்லுக்கு மேலே இரண்டு வட்டக் காதுகள் எழுந்தன. ஓரம் தள்ளி இன்னொரு ஜோடி. இரண்டு பெண் சிங்கங்கள் அதுவரை எங்கள் கண்ணெதிரேதான் படுத்திருந்தன.

பெட்டியில் என்ன வைப்பது?

ஆப்பிரிக்கா என்றால் வெயில் என்று நினைத்து வருகிறவர்கள் முதல் நாள் காலையிலேயே நடுங்குவார்கள். மாரா ஏற்காட்டளவு உயரத்திலும் அதற்கு மேலும் உள்ள நிலம். திறந்த வண்டியில், ஜூலை, ஆகஸ்ட் விடியலில், ஸ்வெட்டரும் குல்லாயும் இல்லாமல் முடியாது. காக்கி, மண் நிறத் துணி எடுத்துவாருங்கள். கருநீலமும் கறுப்பும் செட்சீ ஈக்களை இழுக்கும். அவற்றின் கடி பொல்லாதது. ராணுவச் சீருடை போலத் திட்டுத்திட்டான துணி கென்யாவில் பொதுமக்கள் அணியக் கூடாது. நைரோபியின் வில்சன் விமான நிலையத்திலிருந்து சிறு விமானத்தில் மாரா போவதாக இருந்தால் ஆளுக்கு 15 கிலோதான். அதுவும் சக்கரப் பெட்டியாக இல்லாமல் மடங்கும் துணிப்பையாக இருக்க வேண்டும். பிளாஸ்டிக் பையை 2017 ஆகஸ்டிலேயே கென்யா தடை செய்துவிட்டது; புளியோதரைப் பொட்டலத்தைக்கூடத் துணியிலோ டப்பாவிலோ கட்டுங்கள். பைனாகுலர் வீட்டுக்கு ஒன்று போதாது, ஆளுக்கு ஒன்று வேண்டும். சிங்கம் எழுந்து நிற்கும்போது யாரும் கடன் கொடுக்க மாட்டார்கள்.

சாப்பாட்டைப் பற்றிக் கவலை வேண்டாம். சப்பாத்தியும் டீயும் கென்யர்களின் அன்றாட உணவு. 1896 முதல் 1901 வரை ரயில் பாதை போட வந்த இந்தியத் தொழிலாளர்கள் காலத்துத் தொடர்பு அது. சைவம் என்று முன்பே எழுதிவிட்டால் பெரும்பாலான விடுதிகளில் பருப்பும் காய்கறியும் சோறும் கிடைக்கும்.

பணம் எங்கே போகிறது?

சஃபாரி மலிவான பயணம் இல்லை. மாரா காப்பகத்துக்குள் நுழைய, 2024-ல் வந்த முறைப்படி, வெளிநாட்டுப் பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஜனவரி முதல் ஜூன்வரை 100 டாலர், ஜூலை முதல் டிசம்பர்வரை 200 டாலர். நிறுவனம் சொல்லும் தொகையில் இது சேர்ந்திருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும். ஆற்றைக் கடக்கும் பருவத்தில் வருவதானால் ஆறு மாதத்துக்குக் குறையாமல் முன்பே பதிவு செய்யுங்கள்.

இன்னொரு வழியும் உண்டு. 1,510 சதுர கிலோமீட்டர் காப்பகத்தைச் சுற்றி நபாய்ஷோ, ஒலாரே மோட்டோரோகி, மாரா நார்த் போன்ற காப்பு நிலங்கள் இருக்கின்றன. அவை மாசாய் குடும்பங்களின் சொந்த நிலம். வேலி போட்டு விற்றுவிடாமல் விலங்குகளுக்குத் திறந்துவிட்டிருப்பதற்காக விடுதிகள் அவர்களுக்குக் குத்தகை கட்டுகின்றன. ஒலாரே மோட்டோரோகியில் 700 ஏக்கருக்கு ஒரு கூடாரம் என்று கணக்கு. காப்பகத்தில் அனுமதியில்லாத இரவு உலாவும், வழிகாட்டியோடு நடந்து போவதும் அங்கே உண்டு. வாடகை கூடுதல்தான். ஆனாலும் இரண்டு ராத்திரியாவது அங்கே தங்குங்கள் என்று வற்புறுத்துவேன். குத்தகை நின்றால் அந்த நிலம் வேலியாகும். வேலியானால் காப்பகத்துக்குள்ளிருக்கும் விலங்குக்கு மேய்ச்சல் போய்விடும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஒரு விலங்கைச் சுற்றி ஐந்து வண்டிக்கு மேல் நிற்கக் கூடாது என்பது மாராவின் விதி. கூட்டம் கூடும் மாதங்களில் அது பலமுறை மீறப்படுகிறது. மற்ற பெரிய பூனைகள் தூங்கும் பகலில் சிவிங்கிப்புலி வேட்டையாடும். வண்டிகள் மறித்தால் மான் தப்பிவிடும், குட்டிகள் பட்டினி கிடக்கும். ஆகவே முதல் நாளே வழிகாட்டியிடம், “எங்களுக்கு அவசரமில்லை, தள்ளியே நிறுத்துங்கள்” என்று சொல்லிவிடுங்கள். அதைக் கேட்டு அவர்கள் முகம் மலர்வதை நான் பார்த்திருக்கிறேன். கிட்டே போகச் சொல்லிப் பயணிகள் கெடுபிடி செய்வதால்தான் அவர்களில் பலர் கிட்டே போகிறார்கள்.