ஜெனரேட்டர் சூடாகி நிற்கிறதா? மழைக்காலத்துக்கு முன்பே கவனியுங்கள்!

2011 டிசம்பர் 30 அதிகாலை, 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. முந்திரி, பலா மரங்களோடு மின்கம்பங்களும் வரிசையாகச் சாய்ந்தன. தென் மாநிலங்களுக்கு மின்சாரம் தரும் நெய்வேலி, வடலூருக்குப் பக்கத்து ஊர்தான். ஆனாலும் கம்பம் விழுந்த பிறகு, சுற்றியுள்ள பல கிராமங்களுக்கு கரன்ட் திரும்பி வர வாரக்கணக்கில் ஆனது. அப்போது மாடித் தொட்டியில் தண்ணீர் ஏற்றவும், செல்போனுக்கு சார்ஜ் போடவும் மக்கள் நம்பியிருந்தது டீசல் ஜெனரேட்டர்களைத்தான்.

தைப்பூசத்தின்போதும் அப்படித்தான். ஆறு கால ஜோதி தரிசனத்துக்காக வடலூரில் லட்சக்கணக்கானோர் கூடும்போது, கடைகளுக்கும் பந்தல்களுக்கும் பின்னால் ஜெனரேட்டர்கள் ஓடிக்கொண்டிருக்கும். அவசரத்துக்கு உதவ வேண்டிய இந்த இயந்திரம், நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே 'ஹீட்' ஆகி நின்றுபோனால்? அந்தக் கோளாறு பெரும்பாலும் அன்றைக்கு வந்ததாக இருக்காது. சும்மா கிடந்த மாதங்களில் சேர்ந்ததாகவே இருக்கும்.

ஏன் சூடாகிறது?

ஜெனரேட்டரில் எரியும் டீசலின் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாக மாறுகிறது. சிறிய ஜெனரேட்டர்களில் அதற்கும் குறைவு. மீதியெல்லாம் வெப்பம். அதில் ஒரு பகுதி சைலன்சர் வழியாகப் புகையோடு போய்விடும். மற்றதைக் காற்றோ, தண்ணீரோ, இன்ஜின் ஆயிலோதான் வெளியே கொண்டுபோக வேண்டும். இந்த வழிகளில் ஒன்று அடைபட்டாலும் சூடு உள்ளேயே தங்கிவிடும். கவனிக்காமல் ஓட்டினால் ஹெட் கேஸ்கட் போகும். பிஸ்டன் சிலிண்டரோடு பிடித்துக்கொள்ளும். அதன் பிறகு ஆகும் செலவு, பராமரிப்புச் செலவைப்போல் பல மடங்கு.

மாதம்தோறும் கவனிக்க வேண்டியவை

• தகடுகளில் தூசி: கையால் தள்ளிச் செல்லும் சிறிய ஜெனரேட்டர்கள் பெரும்பாலும் காற்றால் குளிர்பவை. சிலிண்டரைச் சுற்றி அடுக்கடுக்காக இருக்கும் தகடுகளுக்கு இடையில் செம்மண் தூசியும், கசிந்த எண்ணெயும் சேர்ந்து களிம்பாகப் படிந்துவிடும். அது இன்ஜினுக்குக் கம்பளி போர்த்தியது போல. இன்ஜின் ஆறியிருக்கும்போது பிரஷ்ஷால் சுத்தம் செய்யுங்கள்.

• ஏர் ஃபில்டர்: இது அடைத்தால் டீசல் சரியாக எரியாது. கரும்புகை வரும், சூடும் ஏறும். தட்டிப் பார்த்தும் தூசி போகாவிட்டால் புதிதாக மாற்றிவிடுங்கள்.

• இன்ஜின் ஆயில்: ஆயில் உராய்வைக் குறைப்பதோடு சூட்டையும் இறக்கும். ஒவ்வொரு முறை ஸ்டார்ட் செய்யும் முன்பும், ஜெனரேட்டரைச் சமதளத்தில் வைத்துக் குச்சியில் அளவு பாருங்கள்.

• ரேடியேட்டர்: டிராலியில் வரும் பெரிய ஜெனரேட்டர்களில் கூலன்ட் அளவு, ரப்பர் ஹோஸ், ஃபேன் பெல்ட் மூன்றையும் பாருங்கள். தொய்ந்த பெல்ட் விசிறியைச் சரியாகச் சுற்றாது. உப்புத்தன்மை உள்ள போர் தண்ணீரை ஊற்றவே வேண்டாம். உள்ளே உப்புப் படிந்து குழாய்களை அடைத்துவிடும்.

• ஓட்டிப் பாருங்கள்: மாதம் ஒருமுறை, சில விளக்குகளையும் மின்விசிறிகளையும் இணைத்து அரை மணி நேரமாவது ஓட விடுங்கள்.

நாளை அல்ல, மணியை எண்ணுங்கள்

சிறிய ஜெனரேட்டர்கள் பலவற்றுக்கு 100 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்றச் சொல்வார்கள். உங்கள் மாடலுக்கு எவ்வளவு என்பதை அதனுடன் வந்த புத்தகத்தில் பாருங்கள். சாதாரண நாளில் 100 மணி நேரம் ஓட ஒரு வருடம்கூட ஆகலாம். புயலுக்குப் பிறகு தினமும் 8 மணி நேரம் ஓட்டினால், 13-வது நாளிலேயே அந்தக் கணக்கு முடிந்துவிடும். 'போன மாசம்தானே சர்வீஸ் பண்ணோம்' என்று பலரும் ஏமாறுவது இங்கேதான். ஓடிய மணிகளை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். ஒரு தடவைக்கான ஆயிலையும் ஃபில்டரையும் முன்பே வாங்கி வையுங்கள்.

லோடு கணக்கு

5 கே.வி.ஏ. ஜெனரேட்டர் என்றால் பொதுவாக 4 கிலோவாட் வரைதான் தாங்கும். அதையும் முழுதாக இழுக்காமல், முக்கால் பங்கோடு நிறுத்திக்கொள்வது நல்லது. தண்ணீர் மோட்டார் ஸ்டார்ட் ஆகும் நொடியில், வழக்கமாக இழுப்பதைவிடப் பல மடங்கு கரன்ட் இழுக்கும். அதனால் முதலில் மோட்டாரைப் போடுங்கள். அது சீராக ஓடத் தொடங்கிய பிறகு விளக்கு, மின்விசிறி என ஒவ்வொன்றாகச் சேருங்கள்.

மழையில் நனையாமல் வைப்பது எப்படி?

மழை வருகிறதே என்று தார்பாயால் மூடி ஓட்டினால், இன்ஜின் தான் வெளிவிட்ட சூடான காற்றையே திரும்ப இழுக்கும். மேலே மட்டும் கூரை, நான்கு பக்கமும் திறப்பு, சுற்றிலும் குறைந்தது 3 அடி இடைவெளி என்று இருக்கட்டும். தண்ணீர் தேங்கும் இடமானால் மேடை கட்டி ஏற்றி வையுங்கள்.

வீட்டுக்குள்ளோ, வராந்தாவிலோ, ஜன்னல் ஓரத்திலோ ஒருபோதும் ஓட்டாதீர்கள். புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்கும் குடும்பத்தையே கொன்றுவிடும். வீட்டு வயரிங்கோடு இணைப்பதாக இருந்தால், எலெக்ட்ரீஷியனை வைத்து சேஞ்ச் ஓவர் சுவிட்ச் போடுங்கள். அது இல்லாவிட்டால் உங்கள் ஜெனரேட்டர் கரன்ட், லைனில் வேலை செய்யும் மின்வாரிய ஊழியரின் உயிரைப் பறிக்கலாம்.

சூடாகிவிட்டால்...

சத்தம் மாறுவது, எரிந்த ஆயில் வாடை, விளக்கு மங்குவது, ரேடியேட்டரில் ஆவி வருவது எல்லாம் எச்சரிக்கைகள். உடனே லோடு முழுவதையும் எடுத்துவிட்டு இன்ஜினை நிறுத்துங்கள். சூட்டோடு சூடாக ரேடியேட்டர் மூடியைத் திறந்தால், கொதிநீர் பீறிட்டு முகத்தில் அடிக்கும். இன்ஜின் மேல் பச்சைத் தண்ணீரும் ஊற்றக் கூடாது, விரிசல் விட்டுவிடும். முழுவதும் ஆறிய பிறகே மூடியைத் திறப்பதும், டீசல் ஊற்றுவதும்.

எந்தக் கோளாறும் இல்லாத நாளிலும், நிறுத்துவதற்கு முன் லோடு இல்லாமல் 3 முதல் 5 நிமிடம் ஓட விடுங்கள். உள்ளே இருக்கும் சூடு மெதுவாக இறங்கும்.

இதற்கெல்லாம் நல்ல நாள் எது என்கிறீர்களா? ஆயுத பூஜையே போதும். வடகிழக்குப் பருவமழையை ஒட்டித்தான் அது வருகிறது. சந்தனம், குங்குமம் வைப்பதற்கு முன் ஆயிலையும் ஃபில்டரையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.