கறுப்பெல்லாம் கடக்நாத்தா?

கோழிக்குஞ்சு வாங்கப் போகிறவருக்குக் கூடையைப் பார்த்ததும் எழும் கேள்விகள் இரண்டு. என்ன இனம்? சேவலா, பெட்டையா? இரண்டுக்குமே சந்தையில் கிடைக்கும் விடை பெரும்பாலும் நிறத்தைச் சுட்டித்தான் வருகிறது. கறுத்த குஞ்சு கடக்நாத். முதுகில் வரி ஓடினால் அசல் நாட்டுக்கோழி. வெளிறியது சேவல், அடர்ந்தது பெட்டை. நிறம் பரம்பரையாக வருவது என்பதால் இந்த வழக்கத்தை வெறும் மூடநம்பிக்கை என்று தள்ள முடியாது. ஆனால் நிறம் காட்டிக்கொடுப்பது ஓரிரு மரபணுக்களை மட்டுமே. இனம் என்பதோ பல நூறு மரபணுக்கள் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்து நிலைத்த தொகுப்பு. தாய் தந்தை யாரென்று தெரிந்த குஞ்சிடம் நிறம் நம்பத்தக்க சாட்சி; தெரியாத குஞ்சிடம் அது சொல்வதை வைத்து இனத்தையும் முடிவு செய்ய முடியாது, பாலையும் முடிவு செய்ய முடியாது.

கடக்நாத்தையே எடுத்துக்கொள்வோம். மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா பகுதிக்குரிய இந்தக் கருங்கோழி 2018-இல் புவிசார் குறியீடு பெற்றது. இறகு மட்டுமல்ல, தோல், நாக்கு, தசை, எலும்பை மூடிய சவ்வு எல்லாமே கறுத்திருக்கும். குரோமோசோமின் ஒரு பகுதி இரட்டித்து இடம் மாறியதால் நிறமிச் செல்கள் உடலெங்கும் பெருகுவதே காரணம். சீனத்துப் பட்டுக்கோழியின் கறுப்புக்கும் இதே மாற்றம்தான் வேர். இது ஓங்கு பண்பு. அதாவது தாய், தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து வந்தாலே போதும், குஞ்சில் கறுப்பு தலைகாட்டும். இங்கேதான் ஒரு வேடிக்கை. கோழியில் சேவலுக்கு இரண்டு இசட் குரோமோசோம்கள். பெட்டைக்கு ஒரு இசட், ஒரு டபிள்யூ. மனிதரில் உள்ளதற்கு நேர் தலைகீழ். தோலில் கறுப்பு படியாமல் தடுக்கும் மரபணு ஒன்று இந்த இசட்டில் இருக்கிறது. வெள்ளைக்கால், மஞ்சள்கால் கோழிகளிடம் அது உண்டு, கடக்நாத்திடம் கிடையாது. கடக்நாத் சேவலை வெள்ளைக்கால் நாட்டுப் பெட்டையோடு விட்டால், மகன்கள் தாயின் இசட்டோடு அந்தத் தடுப்பையும் வாங்கிக்கொண்டு வெளிறிப் பிறக்கும். மகள்களுக்குக் கிடைக்கும் ஒரே இசட் தந்தையுடையது; தடுக்க ஆளில்லை. எனவே அவை நல்ல கறுப்புத் தோலோடு வளரும். பாதி இரத்தம் நாட்டுக்கோழியுடையதாக இருந்தும், தோலை மட்டும் பார்ப்பவருக்கு அசல் கடக்நாத்தாகவே தெரியும். பட்டுக்கோழியையும் பழுப்பு லெகார்ன் கோழியையும் வைத்து மரபியலாளர்கள் பேட்சனும் பன்னெட்டும் இங்கிலாந்தில் செய்த கலப்புகள் இந்தக் கணக்கை 1911-இலேயே எழுத்தில் வைத்துவிட்டன. கறுப்புத் தோலைக் காட்டி விலையை ஏற்றுகிறவர் பொய் சொல்கிறார் என்பதில்லை, அவரே ஏமாந்திருக்கலாம்.

மற்ற அடையாளங்களுக்கும் ஏறக்குறைய இதே கதிதான். கழுத்தறுத்தான் கோழியின் மொட்டைக் கழுத்து பொரித்த அன்றே தெரியும். சண்டைக்கோழியின் தாழ்ந்த பட்டாணிக் கொண்டையும் சீக்கிரம் புலப்படும். இரண்டும் ஓங்கு பண்புகள் என்பதால் கலப்புக் குஞ்சிலும் அப்படியே நிற்கும். தூவியின் நிறம் இன்னும் மோசமான சாட்சி. முதுகில் அணில் வரி போட்ட குஞ்சு காட்டுக்கோழியிலும் பிறக்கும், நாட்டுக்கோழியிலும் பிறக்கும், பழுப்பு லெகார்னிலும் பிறக்கும். மஞ்சள் குஞ்சு வளர்ந்தால் வெள்ளையாகும் என்பது பொதுவாகச் சரி, ஆனால் அந்த வெள்ளை எந்த வெள்ளை? வெள்ளை லெகார்னின் வெண்மை மற்ற நிறங்களை மூடி மறைக்கும் ஓங்கு வகை. வேறு சில இனங்களின் வெண்மை ஒடுங்கு வகை. அப்படிப்பட்ட வெள்ளைக் கோழியை வண்ணக் கோழியோடு சேர்த்தால் குஞ்சுகளில் வெள்ளையே தலைகாட்டாமல் போகலாம்.

இவ்வளவு சொன்ன பிறகு, நிறத்தால் பால் பிரிக்கவே முடியாதா என்று கேட்டால், அருமையாகப் பிரிக்கலாம், பெற்றோரை நாமே தேர்ந்தெடுத்திருந்தால். இறகில் குறுக்குப் பட்டை போடும் மரபணுவும் இசட்டில்தான் இருக்கிறது. பட்டை போட்ட பிளிமத் ராக் பெட்டையை ரோட் ஐலண்ட் ரெட் சேவலோடு சேர்த்தால், பிறக்கும் கருங்குஞ்சுகளில் உச்சந்தலையில் வெள்ளைப் பொட்டு உள்ளதெல்லாம் சேவல், பொட்டில்லாதது பெட்டை. முதல் உலகப் போரின்போது தீவனத் தட்டுப்பாட்டில் திணறிய இங்கிலாந்தில், சேவல் குஞ்சுகளை முதல் நாளே கண்டுகொள்ள இந்த வகைக் கலப்புகளைப் பயன்படுத்தலாம் என்று யோசனை சொன்னவரும் அதே பன்னெட்டுதான். ஆனால் விதி கறாரானது. ஜோடியை மாற்றி, பட்டைச் சேவலைச் சிவப்புப் பெட்டையோடு விட்டால் எல்லாக் குஞ்சுக்கும் பொட்டு இருக்கும். சரியாகச் சேர்த்துப் பெற்ற குஞ்சுகளையே வளர்த்துத் தங்களுக்குள் இணைய விட்டால், அடுத்த தலைமுறையில் பொட்டு இரு பாலிலும் சிதறிவிடும். ஒரு திசை, ஒரு தலைமுறை. அதற்கு மேல் இந்தச் சூத்திரத்துக்கு ஆயுள் இல்லை.

தலைமுறை தலைமுறையாக நிறத்தாலேயே பால் காட்டும் இனங்கள் இருக்கின்றனவே என்று விவரம் தெரிந்தவர்கள் மறுக்கலாம். உண்மைதான். பன்னெட்டும் மரபியலாளர் பீஸும் கேம்பிரிட்ஜில் உருவாக்கிய கேம்பார், பிறகு வந்த லெக்பார் ஆகியவை அப்படிப்பட்டவை. அவற்றில் சேவலுக்குப் பட்டை மரபணு இரண்டு பங்கு, பெட்டைக்கு ஒரு பங்கு. பங்கு கூடக்கூடத் தூவி வெளிறும். ஆனால் இந்த ஏற்பாடு நடப்பது அந்த இனம் கலப்பில்லாமல் காக்கப்படும் வரைதான். பெற்றோரைத் தெரிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இங்கே நீங்கவில்லை, இனப்பெயருக்குள் ஒளிந்திருக்கிறது.

இன்னொரு மறுப்பு அனுபவத்தின் பேரால் வருவது. கூர்முனை முட்டையில் சேவல், உருண்டை முட்டையில் பெட்டை என்று சொல்லும் பாட்டிகள் ஊருக்கு ஊர் உண்டு. ரோமானிய எழுத்தாளர் கொலுமெல்லாவும் அதையே எழுதினார். அவருக்கு முந்திய அரிஸ்டாட்டிலின் நூலிலோ நேர்மாறாக இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் பாதி பலிக்கும் விஷயத்தில் இரு கட்சிக்கும் ஆதாரம் சேர்ந்துகொண்டே இருக்கும், பலித்ததுதானே நினைவில் நிற்கிறது. குஞ்சின் பால், மஞ்சள் கரு சினைப்பையை விட்டு வெளியேறும் தறுவாயிலேயே முடிவாகிவிடுகிறது. ஓடு அதற்குப் பிறகு பல மணி நேரம் கழித்துத்தான் படியத் தொடங்குகிறது. அதன் கூர்மைக்குப் பாலோடு தொடர்பில்லை. ஆனால் ஒன்றரை இரண்டு மாதக் குஞ்சைப் பார்த்து, கொண்டை சிவந்து தடித்தது, கால் பருத்தது என்று சேவலைப் பிரிக்கும் கண் பொய்யில்லை. அது பார்ப்பது நிறத்தை அல்ல, ஹார்மோன் தொடங்கிய வேலையை.

பெரிய குஞ்சு பொரிப்பகங்களின் நடைமுறையும் யோசிக்க வைப்பது. வெள்ளை முட்டைக்கோழிக் குஞ்சுகள் எல்லாம் ஒரே மஞ்சள். அங்கே நிறத்துக்கு வாயே இல்லை. எனவே முதல் நாளில் சிறகை விரித்து, பெரிய இறகுகள் மேலிறகுகளைத் தாண்டி நீண்டிருக்கின்றனவா என்று பார்க்கிறார்கள். நீண்டிருந்தால் பெட்டை. அல்லது 1920-களில் ஜப்பானியர் வகுத்த முறைப்படி, ஆசனவாயை மெல்லப் பிதுக்கி உள்ளே உள்ள சிறு புடைப்பைத் தேடுகிறார்கள். சிறகு முறைக்கும் பெற்றோர் வரிசையைத் திட்டமிட்டுச் சேர்த்திருக்க வேண்டும். இந்த இரண்டில் பெற்றோரைப் பற்றி எதுவும் கேட்காதது பிதுக்கிப் பார்க்கும் முறைதான்.

அப்படியானால் கூடை முன் நிற்பவர் என்ன செய்வது? குஞ்சைப் புரட்டிப் பார்ப்பதைவிடத் தாய்க்கோழியையும் சேவலையும் காட்டச் சொல்லலாம். காட்ட ஆளில்லை என்றால் கடக்நாத் விலையைக் கொடுக்க வேண்டியதில்லை. ஏற்கெனவே வாங்கியாயிற்று என்றால், அந்தக் கோழிகளே உண்மையைச் சொல்லும், கொஞ்சம் தாமதமாக. அரைக் கலப்பான சேவலும் பெட்டையும் இணைந்தால் குஞ்சுகளில் ஏறத்தாழ கால்வாசி கடக்நாத்தின் உட்கறுப்பே இல்லாமல் பிறக்கும். வெளிறிய தோலும் சிவந்த நாக்குமாக ஒரு குஞ்சு அடைக்கூட்டிலிருந்து எட்டிப் பார்க்கும்போது, விற்றவர் எந்தச் சந்தையில் இருக்கிறாரோ.